விளக்கும் வாக்கும் – 11: சங்கரன்கோவில் இடைத்தேர்தலும் மின்சாரத்தின் தவணையும்

நீலகிரியின் பைகாராவிலிருந்து 1932ஆம் வருஷம் கோயமுத்தூர்ச் சமவெளிக்கு இறங்கிய மின்சாரம், 1937இல் மேட்டூரையும் 1944இல் தாமிரபரணியின் பாபநாசத்தையும் துணையாகச் சேர்த்துக்கொண்டு, வானம் பார்த்த தென்பாண்டிக் கரிசல் பூமி வரையில் வந்து சேர்ந்த வரலாற்றைச் சென்ற அத்தியாயங்களில் ஒருவாறு கண்டோம். அவ்வாறு வந்து சேர்ந்த மின்சாரம் கிணற்றிலும் தறியிலும் அடுக்களையிலும் வேரூன்றி, அது இல்லாமல் ஒரு வேலையும் நடவாது என்ற நிலை ஏற்பட்ட பிறகு, திடீரென்று பற்றாக்குறை வந்தபோது அரசியல் அதனை எப்படிக் கையாண்டது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் ஸ்தலம், அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்து, 2019ஆம் வருஷம் முதல் தென்காசி ஜில்லாவைச் சேர்ந்துவிட்ட சங்கரன்கோவில். காலம், 2011ஆம் வருஷத்து ஐப்பசியிலிருந்து 2012ஆம் வருஷத்துப் பங்குனி முடிய ஏறக்குறைய ஆறு மாதம். ஒரு சிறு நகரத்தில் நடந்த ஓர் இடைத்தேர்தல் ஒரு ராஜ்யத்தின் மின்சார நிர்வாகத்துக்கே நாள் குறித்துக் கொடுத்த விசித்திரத்தை இந்த ஆறு மாத காலத்தில் காணலாம்.

தறியும் கிணறும்

சங்கரநாராயண சுவாமியையும் கோமதி அம்மனையும் தரிசிக்க ஆடித் தபசுக்கு வந்து போகிற வெளியூர் ஜனங்களுக்கு இவ்வூர் ஒரு க்ஷேத்திரம். கோயிலுக்குச் சற்று அப்பால் உள்ள தெருக்களில் நடந்து பார்க்கிறவனுக்கு இது ஒரு தறியூர் என்பது காதாலேயே தெரிந்துவிடும். பரம்பரையாகக் கைத்தறி நெய்துவந்த குடும்பங்கள், மின்சாரம் கிடைக்கத் தொடங்கிய பிறகு மெல்ல மெல்ல விசைத்தறிக்கு மாறின. சங்கரன்கோவிலிலும், அதனை அடுத்த சுப்புலாபுரம், புளியங்குடி, சிந்தாமணி முதலிய இடங்களிலும், நூல் சேலையும் துண்டும் நெய்கிற விசைத்தறிக் கூடங்கள் பெருகின. ஆண்கள் தறி ஓட்ட, பெண்கள் தார் சுற்ற, வீட்டின் முன்கட்டே தொழிற்சாலையாகவும் பின்கட்டு குடித்தனமாகவும் அமைந்த வாழ்க்கை இது. நெய்த அளவுக்குத்தான் கூலி. தறி நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது.

விசைத்தறிக்காரனுக்குக் கரண்டு நின்றுபோவது என்பது இருட்டில் உட்கார்ந்திருப்பதோடு முடிகிற சங்கடம் அன்று. பாவு நூல்களின் நடுவே நாடா ஓடிக்கொண்டிருக்கையில் மோட்டார் ஓய்ந்துவிட்டால், நாடா பாதி வழியில் சிக்கி இழைகள் அறுந்துபோவதும் உண்டு. அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிணைத்து, விழுதிலும் அச்சிலும் மறுபடி கோத்து, தறியைக் கையால் சற்றுத் தள்ளிப் பார்த்து, பிறகே ஓட்ட வேண்டும். அப்படி மீண்டும் ஓட்டத் தொடங்குகிற இடத்தில் ஊடை சற்று நெருங்கியோ விலகியோ விழுமாதலால், துணியின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று படியும். சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிற வியாபாரியின் கண்ணுக்கு அந்தக் கோடு தப்பாது. விலை அந்த இடத்திலேயே குறைந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை முறை கரண்டு போய் வருகிறதோ அத்தனை கோடு. மின்வெட்டின் கணக்கை மின்சார வாரியம் மெகாவாட்டில் எழுதியது. தறிக்காரன் அதைச் சேலையில் எண்ணினான்.

ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களின் கதை வேறு விதமானது. கமலை கட்டி மாடுகளை முன்னும் பின்னும் நடத்தித் தண்ணீர் இறைத்த சம்சாரி, காமராஜர் முதல் மந்திரியாகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் மந்திரியாகவும் இருந்த காலத்தில், 1957ஆம் வருஷம் ஜூலை 1ஆம் தேதி உருவான மின்சார வாரியத்தின் கம்பங்கள் வயற்காட்டுக்குள் நுழைந்த பிறகு, பம்புசெட்டுக்கு மாறினான். மாடும் கமலையும் போன இடத்தில் மோட்டாரும் கடனும் வந்தன. கிணற்று நீரை நம்பி மல்லிகையும் எலுமிச்சையும் மிளகாயும் பயிராக்கத் துணிந்த சம்சாரிக்கு, மின் கட்டணம் என்பது விதைக்கும் உரத்துக்கும் நிகரான ஒரு செலவினமாயிற்று.

ஆகவேதான், யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்த்தியதை எதிர்த்து 1970ஆம் வருஷம் கோவை ஜில்லாவில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்ததும், அவ்வருஷம் ஜூன் மாதம் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் மூவர் உயிர் துறந்ததும், நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் தமிழக விவசாயிகள் சங்கம் ராஜ்யம் முழுவதும் பரவியதும் இக்கரிசல் சம்சாரிகளுக்கு அந்நிய ஊர்ச் செய்திகளாகத் தோன்றவில்லை. அந்த நாயுடு, 1984ஆம் வருஷம் டிசம்பர் மாதம் தேர்தல் பிரசாரத்துக்காகத் தென்பகுதிக்கு வந்தபோது, சங்கரன்கோவிலுக்கு அடுத்த பெரிய ஊராகிய கோவில்பட்டியில்தான் காலமானார். அதே வருஷம் எம்.ஜி.ஆர். சர்க்கார் சிறு விவசாயிகளுக்குக் கட்டணமில்லா மின்சாரம் அளித்தது. 1989இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி சர்க்கார் அதனை எல்லா விவசாயிகளுக்கும் விஸ்தரித்தது. பிற்பாடு, 2006இல் தொடங்கிய தி.மு.க. ஆட்சியில், விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டும் கைத்தறிக்கு 100 யூனிட்டும் விலையில்லாமல் வந்தன.

இந்தச் சலுகைகளை வெறும் ஓட்டுக்கான இனாம் என்று ஏளனம் செய்கிறவர்கள், அவற்றுக்குப் பின்னால் சிந்திய ரத்தத்தை மறந்துவிடுகிறார்கள். போராடிப் பெற்றதுதான் அவற்றில் பெரும்பகுதி. ஆயினும் ஒரு விளைவு ஏற்பட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். விலை கொடுத்து வாங்குகிற பண்டத்துக்குக் குறைவு வந்தால் வாங்குகிறவன் கடைக்காரனை உரிமையோடு கேட்கலாம். சர்க்கார் அளிக்கிற கொடையாக மின்சாரம் உருமாறிய பின், அதன் கணக்கு வழக்குகளைக் கேட்கிற உரிமை ஜனங்களின் கையிலிருந்து நழுவிவிட்டது. வாரியம் எவ்வளவு நஷ்டத்தில் நடக்கிறது, அந்த நஷ்டத்தை யார் எப்போது ஈடு செய்வார்கள், புதிய மின் நிலையம் ஏன் காலத்தில் முடியவில்லை என்பன போன்ற வினாக்கள் சட்டசபையின் மானியக் கோரிக்கை விவாதத்தோடு நின்றுபோயின. ஊர்ச் சாவடியில் கேட்கப்பட்ட வினா ஒன்றே ஒன்றுதான்: "கரண்டு எப்பம் வரும் அண்ணாச்சி?"

பற்றாக்குறை வந்த வழி

பற்றாக்குறை ஓர் இரவில் வந்ததன்று. 2003ஆம் வருஷத்துக்குப் பிறகு 2010 ஆகஸ்ட் வரையில் கட்டணம் உயர்த்தப்படவில்லை. அந்த இடைக்காலத்தில் நிலக்கரியின் விலையும் வெளியே வாங்குகிற மின்சாரத்தின் விலையும் உயர்ந்துகொண்டே போயின. வட சென்னை, மேட்டூர் ஆகிய இடங்களில் திட்டமிட்ட அனல் மின் நிலைய விஸ்தரிப்புகளும் வல்லூரின் புதிய நிலையமும் காலம் கடந்தே முடிந்தன. 2008ஆம் வருஷம் நவம்பர் முதல் பெரிய தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத வெட்டு அமலுக்கு வந்தது. 2010ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி வாரியம் உற்பத்தி–பகிர்மானக் கழகம் என்றும் தொடரமைப்புக் கழகம் என்றும் பிரிக்கப்பட்டபோது, இரண்டின் தலையிலும் கடன் சுமை ஏற்றப்பட்டிருந்தது.

இவற்றோடு ஒரு பூகோள நியாயமும் சேர்ந்துகொண்டது. சங்கரன்கோவில் வட்டாரத்தின் மேற்கே செங்கோட்டைக் கணவாய் இருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்த இடைவெளி வழியாகப் பாய்கிற சாரல் காற்று, சுரண்டை, ஊத்துமலை முதலாய பக்கங்களிலும் கிழக்கே கயத்தாறு வரையிலும் உள்ள வெட்டவெளியைத் தடையின்றிக் கடந்து செல்கிறது. 1986ஆம் வருஷம் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சிறு பரீட்சையாகத் தொடங்கிய காற்று மின்சாரம், கால் நூற்றாண்டுக்குள் ஏறத்தாழ 7,000 மெகாவாட் நிறுவு திறனாக வளர்ந்து, இத்துறையில் தமிழ்நாட்டை இந்தியாவிலேயே முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. கிராமத்தார் "காத்தாடி" என்று அழைக்கிற அந்த வெள்ளை ராக்ஷஸ இயந்திரங்கள், பருத்திக் காட்டின் நடுவிலும் ஆட்டுக் கிடையின் பக்கத்திலும் எழுந்து நின்றன. ஆனால் காற்று மே மாதத்தில் எழுந்து செப்டம்பரில் ஓய்கிற தன்மையது. ஆடித் தபசுக்கு ஊர் கூடுகையில் இறக்கைகள் முழு வேகத்தில் சுழலும். அப்போது சில சமயம், உற்பத்தியாகிற மின்சாரத்தைக் கொண்டுபோகக் கம்பி போதாமல் காற்றாலைகளை நிறுத்தி வைக்க வேண்டியும் வரும். தை பிறந்து பங்குனி முடிய அவை அசையாமல் நிற்கும். வடக்கே உபரியாக மின்சாரம் கிடைத்த காலத்திலும் அதை வேண்டிய அளவு வாங்கிக் கொண்டுவர வழி இல்லை. தென்னிந்திய மின்தொகுப்பு அகில இந்தியத் தொகுப்போடு ஒன்றாக இணைக்கப்பட்டதே 2013ஆம் வருஷம் டிசம்பர் 31ஆம் தேதியில்தான்.

இந்நிலையில் 2012ஆம் வருஷத் தொடக்கத்தில் ராஜ்யத்தின் தேவை 12,000 மெகாவாட்டை நெருங்க, கிடைத்தது எட்டாயிரத்துச் சொச்சமாக இருந்தது. பிப்ரவரி மாத இறுதியில் சென்னைக்கு இரண்டு மணி நேரம், ஏனைய ஜில்லாக்களுக்கு நான்கு மணி நேரம் என்று வெட்டு அறிவிக்கப்பட்டது. அறிவித்தது நான்கு மணி. அறிவிக்காமல் நின்றது அதற்கு மேல். தலைநகரத்துக்கு ஒரு நியாயம், ஜில்லாவுக்கு ஒரு நியாயம் என்ற மனக்குறை தென்பாண்டிச் சீமையில் வேரூன்றியது அப்போதுதான். இதே காலத்தில், 2011ஆம் வருஷம் செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கிய திட்டத்தின்படி, மிக்சியும் கிரைண்டரும் மேசை மின்விசிறியும் விலையில்லாப் பொருள்களாக வீடு வீடாக வந்துகொண்டிருந்தன. முந்திய ஆட்சி கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே அவற்றுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் விட்டு விடுதலை பெற்ற பெண்களுக்கு இவை மெய்யான உபகாரம் என்பதில் ஐயமில்லை. அந்த உபகாரத்தை இயக்குகிற சக்தியைக் காலத்தில் சேகரித்து வைக்கிற காரியத்தை மட்டும் ஓர் ஆட்சி மற்றோர் ஆட்சிக்கு விட்டுச் சென்றது.

தேர்தல் வந்தது

சங்கரன்கோவில் தனித்தொகுதி அ.தி.மு.க.வின் பழைய கோட்டை. அந்தக் கட்சி ராஜ்யம் முழுவதிலும் நான்கே இடங்களில் பிழைத்த 1996ஆம் வருஷத் தேர்தலிலும், அந்த நான்கில் ஒன்றாகச் சங்கரன்கோவிலை மீட்டுக் கொடுத்தவர் சொ. கருப்பசாமி. 2001, 2006, 2011 ஆகிய தேர்தல்களிலும் அவரே வெற்றி பெற்று, கால்நடைப் பராமரிப்புத் துறை மந்திரியும் ஆனார். 2011ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 22ஆம் தேதி அவர் காலமானதால் இடைத்தேர்தல் நேர்ந்தது.

அரசியல் சூழ்நிலை அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்து ஒரு மாதம் ஆகுமுன், நவம்பர் 17ஆம் தேதி, முதல் மந்திரி ஜெயலலிதா தொலைக்காட்சியில் பேசி, பஸ் கட்டணத்தையும் பால் விலையையும் உயர்த்தியதோடு, மின் கட்டண உயர்வும் வரப்போகிறது என்று அறிவித்திருந்தார். 2012ஆம் வருஷம் பிப்ரவரி 1ஆம் தேதி சட்டசபையில் இந்த விலை உயர்வுகளைக் குறித்து எதிர்க்கட்சித் தலைவராகிய தே.மு.தி.க.வின் விஜயகாந்துக்கும் முதல் மந்திரிக்கும் மூண்ட வாக்குவாதத்தில் சங்கரன்கோவிலின் பெயரும் அடிபட்டது. இடைத்தேர்தலில் தனித்து நின்று பார்க்கும் திராணி உண்டா என்ற சவால் ஆளும் தரப்பிலிருந்து எழுந்தது. ஒரு வருஷத்துக்கு முன் கூட்டாளிகளாக வாக்குக் கேட்ட இரு கட்சிகளின் உறவு சபை மத்தியிலேயே முறிந்தது. விஜயகாந்த் பத்து நாட்களுக்குச் சபையிலிருந்து நீக்கி வைக்கப்பட்டார். அன்று முதல் ராஜ்யத்தின் கண் முழுவதும் இந்தச் சின்ன நகரத்தின் மீது பதிந்தது.

அ.தி.மு.க. சார்பில் சங்கரன்கோவில் நகராட்சித் தலைவராக இருந்த முத்துச்செல்வி நின்றார். தி.மு.க. ஜவஹர் சூரியகுமாரையும், 2011 சட்டசபைத் தேர்தலைப் புறக்கணித்திருந்த ம.தி.மு.க. சதன் திருமலைக்குமாரையும், தே.மு.தி.க. முத்துக்குமாரையும் நிறுத்தின. ம.தி.மு.க.வின் தலைவர் வைகோவின் சொந்த ஊராகிய கலிங்கப்பட்டி இந்த வட்டாரத்திலேயே இருந்ததால், அக்கட்சிக்கு இது மானப் பிரச்சினையாக இருந்தது. மந்திரிகள் பலர் வாரக்கணக்கில் தொகுதியில் முகாமிட்டனர். சுற்றுலா மாளிகையிலும் தங்கும் விடுதிகளிலும் இடம் கிடையாமல், கல்யாண மண்டபங்கள் கட்சிகளின் பாசறைகளாயின.

எதிர்க்கட்சிகளின் மேடைகளில் மின்வெட்டே பல்லவி. அடிக்கடி நின்று நின்று ஓடுகிற தறியையும், இரவில் கண் விழித்து மும்முனை மின்சாரத்துக்காகக் கிணற்றடியில் காத்துக்கிடக்கிற சம்சாரியையும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் மண்ணெண்ணெய் விளக்கையும் அவர்கள் பேசினார்கள். பற்றாக்குறைக்கு முந்தைய ஆட்சியே காரணம் என்று ஆளுங்கட்சி பதில் சொன்னது. ஏனைய இடங்களில் இருட்டடித்துவிட்டு, தேர்தல் நடக்கிற தொகுதிக்கு மட்டும் வெட்டில் சலுகை காட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அந்தக் குற்றச்சாட்டைக் கேட்ட அண்டைத் தொகுதிக்காரர்கள், தங்கள் ஊரிலும் ஓர் இடைத்தேர்தல் வரக்கூடாதா என்று பரிகாசம் பேசிக்கொண்டார்கள். அந்தப் பரிகாசத்துக்குள், மின்சாரம் பொது விதியின்படி கிடைப்பதில்லை, மேலிடத்தின் தயவின்படி கிடைக்கிறது என்ற அனுபவ ஞானம் அடங்கியிருந்தது.

மார்ச் 18ஆம் தேதி, காற்றாலைகள் அசையாத பங்குனி முதல் வாரத்தில், வாக்குப் பதிவு நடந்தது. 21ஆம் தேதி எண்ணியபோது முத்துச்செல்வி 94,977 வாக்குகள் பெற்றிருந்தார். ஜவஹர் சூரியகுமாருக்கு 26,220, சதன் திருமலைக்குமாருக்கு 20,678, முத்துக்குமாருக்கு 12,144. வித்தியாசம் 68,757 வாக்குகள். மின்வெட்டின் உச்சத்தில், மின்வெட்டையே பேசிய மூன்று எதிர்க்கட்சிகளும் சேர்ந்து பெற்ற வாக்கு, ஆளுங்கட்சி தனியே பெற்ற வாக்குக்கு முப்பத்தையாயிரத்துக்கு மேல் குறைவாக நின்றது.

இதைக் கண்டு சங்கரன்கோவில் வாக்காளர்கள் மதி மயங்கினார்கள் என்று எழுதிய பட்டணத்து விமரிசகர்கள் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஓர் இடைத்தேர்தலில் ஆட்சி மாறப்போவதில்லை. ஆட்சிக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. அந்த நாலு வருஷமும் பாதாள சாக்கடைக்கும் குடிநீருக்கும் தறி மானியத்துக்கும் ஆளுங்கட்சி வாசலில்தான் போய் நிற்க வேண்டும் என்பதை அறிந்த ஜனங்கள், அந்த வாசலுக்கு அருகில் இருக்க விரும்பினார்கள். மேலும், மின்வெட்டைக் கண்டித்த மூன்று கட்சிகளில் பிரதானமானது, அந்தப் பற்றாக்குறை முளைவிட்ட காலத்தில் தானே ஆட்சியில் இருந்தது. கரண்டு இல்லாத குற்றத்துக்கு இரண்டு தரப்பும் பொறுப்பு என்று தீர்மானித்த பின், வாக்காளன் வேறு காரணங்களைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டியவனாயிருந்தான்.

மறுநாள்

வாக்குப் பதிவு நடந்த மறுநாள், மார்ச் 19ஆம் தேதி, தமிழ்நாட்டு மந்திரி சபை கூடி, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் வேலைகள் தொடரலாம் என்று முடிவு செய்தது.

கூடங்குளம் அதே திருநெல்வேலி ஜில்லாவின் தென்கோடி, சங்கரன்கோவில் வடகோடி. 1988ஆம் வருஷம் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்துகொண்ட உடன்படிக்கையில் தொடங்கி, 2002இல் கட்டுமானம் ஆரம்பித்து, தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் முடிவுக்கு வந்துகொண்டிருந்த வேளையில், 2011 மார்ச் மாதம் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் விபத்து நேர்ந்தது. இடிந்தகரையின் மீனவ ஜனங்கள், அணுசக்திக்கு எதிரான மக்கள் இயக்கத்தின் சுப. உதயகுமாரன் முதலியோருடன் உபவாசம் தொடங்கினர். உள்ளாட்சித் தேர்தலுக்கு முந்திய மாதமாகிய செப்டம்பரில், 22ஆம் தேதி, ஜனங்களின் அச்சம் நீங்கும் வரையில் வேலையை நிறுத்த வேண்டும் என்று இதே மந்திரி சபை தீர்மானித்திருந்தது. பிறகு 2012 பிப்ரவரியில் ராஜ்ய சர்க்கார் ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. குழுவின் அறிக்கை அம்மாத இறுதிக்குள் சர்க்காரின் கைக்கு வந்துவிட்டது. பிப்ரவரி இறுதிக்கும் மார்ச் 19க்கும் இடையில் நடந்த பெரிய அரசியல் நிகழ்ச்சி, சங்கரன்கோவில் வாக்குப் பதிவு ஒன்றே. முடிவோடு கூட, கூடங்குளம் வட்டாரத்துக்கு 500 கோடி ரூபாய்க்கு ஒரு விசேஷ அபிவிருத்தித் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இடிந்தகரையைச் சுற்றிப் போலீஸ் படைகள் குவிக்கப்பட்டன.

பதினொரு நாள் கழித்து, மார்ச் 30ஆம் தேதி, மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண உத்தரவு வெளியாயிற்று. சராசரி உயர்வு 37 சதவீதம். ஏப்ரல் 1ஆம் தேதி முதல் அமல். ஆணையம் சட்டப்படி சுதந்திரமான ஸ்தாபனம். உத்தரவின் தேதியைத் தேர்தலோடு முடிச்சுப் போட எழுத்து மூலமான ஆதாரம் எதுவும் இல்லை. எனினும், ஒரு ஜில்லாவின் தென்முனையில் அணு உலையையும் ராஜ்யம் முழுவதிலும் மின் கட்டணத்தையும் பற்றிய இரண்டு பெருந்தீர்மானங்களும், அந்த ஜில்லாவின் வடமுனையில் வாக்கு விழுந்த பிறகே வெளிவந்தன என்பது நாட்காட்டியைப் பார்க்கிற எவருக்கும் புலப்படும்.

அணு உலை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் இருந்தனர். இரு தரப்பிலும் கேட்கத்தக்க நியாயம் இருந்தது. கட்டண உயர்வு தவிர்க்க முடியாதது என்போரும், வாரியத்தின் ஊழலையும் நிர்வாகச் சீர்கேட்டையும் முதலில் களையட்டும் என்போரும் இருந்தனர். இவர்கள் எல்லாரும் கூடி விவாதிப்பதற்கு இடைத்தேர்தலைப் போல் உகந்த சந்தர்ப்பம் வேறில்லை. எதிர்க்கட்சிகள் இருட்டைப் பேசின. ஆளுங்கட்சி பழைய ஆட்சியைப் பேசியது. உலை திறக்கப்படுமா, யூனிட்டுக்கு எவ்வளவு ஏறும் என்ற இரண்டு கேள்விகளை மாத்திரம் யாரும் ஜனங்களின் முன்னால் வைக்கவில்லை.

கனடாவில் இரண்டு முன்மாதிரிகள்

இத்தகைய தவணை அரசியல் நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம். கனடா தேசத்தில் மின்சாரம் மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நம் அரசியல் சட்டத்தில் அது மத்திய சர்க்காருக்கும் ராஜ்யங்களுக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது. கனடாவோடு நமக்கு ஒரு பழைய மின்சார உறவும் உண்டு: நீலகிரியின் குந்தா நீர் மின் திட்டம், கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அளித்த உதவியைக் கொண்டு எழுந்ததேயாகும்.

அந்நாட்டின் கியூபெக் மாகாணத்தில் 1962ஆம் வருஷம், தனியார் மின்சாரக் கம்பெனிகளை மாகாண சர்க்கார் வாங்கிக்கொள்ளலாமா என்ற ஒரே விஷயத்தை முன்னிட்டு, பிரதமர் ழான் லெசாஜ் காலத்துக்கு முன்பே தேர்தலை நடத்தினார். இயற்கை வள மந்திரியாக இருந்த ரெனே லெவெக், ஊர் ஊராகச் சென்று அந்தத் திட்டத்தை ஜனங்களுக்கு விளக்கினார். நவம்பரில் ஜனங்கள் சம்மதம் தந்தார்கள். அடுத்த வருஷமே கம்பெனிகள் மாகாணத்தின் உடைமையாயின. வாக்குச் சீட்டுக்கு முன்னால் கேள்வி வைக்கப்பட்டதனால், பின்னால் வந்த செலவையும் சிரமத்தையும் ஜனங்கள் தங்கள் சொந்தத் தீர்மானத்தின் பலனாக ஏற்றுக்கொண்டார்கள்.

ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். சங்கரன்கோவில் இடைத்தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, 2011ஆம் வருஷம் அக்டோபர் 6ஆம் தேதி அங்கே பொதுத் தேர்தல். அதற்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கையில், மிஸ்ஸிஸாகா நகரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஓர் எரிவாயு மின் நிலையத்தை, சுற்றுப்புற வாசிகளின் எதிர்ப்புக்கு அஞ்சி, ஆளுங்கட்சி கைவிடுவதாக அறிவித்தது. ஓக்வில் என்ற பக்கத்து ஊரின் நிலையம் அதற்கு முந்திய வருஷமே கைவிடப்பட்டிருந்தது. தேர்தலில் அந்தக் கட்சி ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. ஆனால் இரண்டு நிலையங்களையும் ரத்து செய்ததற்கான செலவு ஏறத்தாழ 95 கோடி டாலர் என்று மாகாணத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2013இல் கண்டு சொன்னார். அந்தக் கணக்கு முழுவதும் வெளிவருமுன்னரே பிரதமர் டால்டன் மக்கின்டி பதவி விலகிவிட்டார். சில தொகுதிகளைக் காக்க எடுத்த முடிவின் விலையை, மாகாணத்து மின்சார உபயோகிப்போர் அனைவரும் மாதா மாதம் பில்லோடு செலுத்தும்படி ஆயிற்று.

சங்கரன்கோவிலில் முடிவு தள்ளிவைக்கப்பட்டது. ஒன்டாரியோவில் முடிவு மாற்றப்பட்டது. இரண்டு இடத்திலும் வாக்காளனிடம் மறைக்கப்பட்டது விலை.

தவணையின் வட்டி

இங்கே அந்த விலை எவ்வாறு வசூலாயிற்று? கூடங்குளம் முதல் உலை இன்னும் பதினைந்து நாட்களில் ஓடும் என்று மத்திய இணை மந்திரி நாராயணசாமி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பதினைந்து நாட்கள் நீண்டு நீண்டு, முதல் மின்சாரம் தொகுப்பில் சேர்ந்தது 2013ஆம் வருஷம் அக்டோபர் 22ஆம் தேதியில்தான். மேட்டூரிலும் வட சென்னையிலும் வல்லூரிலும் தாமதித்த அனல் நிலையங்கள் ஒவ்வொன்றாக எழுந்து, வடக்கிலிருந்து கம்பி வழியும் திறந்து, மின்வெட்டு முழுவதும் நீங்கியதாகச் சர்க்கார் அறிவித்தது 2014ஆம் வருஷம் ஜூன் மாதத்தில். இடைத்தேர்தல் முடிந்து இரண்டு வருஷத்துக்கு மேல், வெட்டு எவ்வித விசேஷ மரியாதையும் இன்றிச் சங்கரன்கோவிலிலும் தொடர்ந்தது.

அந்த இரண்டு வருஷத்தில், ஜெனரேட்டர் வாங்கத் திராணியுள்ள கூடங்கள் டீசலை எரித்துத் தறி ஓட்டின. திராணியில்லாத வீட்டுத் தறிகள் கரண்டு வருகிற வேளைக்கு ஏற்ப நள்ளிரவிலும் விடியற்காலையிலும் ஓடின. தறிக்காரன் தூங்குகிற நேரத்தை மின்சார வாரியம் நிர்ணயித்தது. இன்வெர்ட்டர் விற்றவனுக்கு நல்ல காலம். நான்கு தறிக்கு மேல் வைத்திருந்தவன் நிலைத்தான். இரண்டு தறிக்காரன் ஒன்றை விற்றுவிட்டுக் கூலிக்குப் போனான். பற்றாக்குறை எல்லாருக்கும் சமமாக விநியோகிக்கப்பட்டதாக வாரியத்தின் அட்டவணை காட்டிற்று. தாங்கும் சக்தி சமமாக இல்லாத இடத்தில் அந்தச் சமத்துவம் சிறியவனையே வீழ்த்தியது.

ஆகவே, இந்த அத்தியாயத்தின் சாரத்தை நாம் இவ்வாறு தொகுக்கலாம். சங்கரன்கோவில் ஜனங்கள் மின்சாரத்தைப் பற்றித் தீர்ப்பு வழங்கவில்லை. தீர்ப்பு வழங்கும்படி யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. மின் நிலையம் கட்டப் பத்து வருஷம் பிடிக்கிறது. தேர்தல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வருகிறது. இடைத்தேர்தல் எப்போது வேண்டுமானாலும் வருகிறது. இந்த மூன்று காலக்கணக்குகளும் ஒத்துப்போகாத ராஜ்யத்தில், கசப்பான முடிவுகளை வாக்குப் பதிவின் மறுநாளுக்கு ஒதுக்குகிற வழக்கம், எந்தக் கட்சி ஆண்டாலும் நிலைத்துவிடுகிறது. ஒதுக்கி வைக்கிற ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுகிற கடன் அது. வாங்கியது கோட்டை, கட்டியது தறிக்கூடம். கியூபெக்கைப் போல் கேள்வியை முன்னால் வைத்து ஓட்டுக் கேட்கிற துணிவு எந்தக் கட்சிக்கேனும் வருகிற வரையில், அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவன் ஒருவனும் தவணை கட்டுகிறவன் வேறொருவனுமாகவே இருப்பார்கள்.

விசைத்தறிக்கு விலையில்லா மின்சாரம் 500 யூனிட்டிலிருந்து 2016இல் 750 ஆகவும் 2023இல் 1,000 ஆகவும் உயர்ந்த வரலாற்றையும், அந்த யூனிட்டுகள் தறிக்காரனின் கூலியை உயர்த்தினவா, ஜவுளி வியாபாரியின் லாபத்தை உயர்த்தினவா என்ற வழக்கையும் அடுத்த அத்தியாயத்தில் விசாரிப்போம்.

(தொடரும்)